சாங்ஷா ரயிலில் நான் துண்டு போட்ட கதை

சீனாவில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோர் இப்போது நம்ம திருவண்ணாமலை ஜில்லாவிலேயே நிறைய பேர் இருக்கிறார்கள். லீவில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசிப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 2007 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் போனேன். போகக் கூடாத நேரத்தில், போகக் கூடாத ரயிலில் போனேன். அப்படியும் போனது நல்லதாகத்தான் முடிந்தது.

வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். வீடு கீழ்பென்னாத்தூர். வீட்டுக்காரருக்கு விவசாயம், நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும். எங்கள் ஒரே பெண் வினோதினி அப்போது சாங்ஷா நகரத்தில் மருத்துவம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து ஓவென்று அழுதாள்.

"என்னால முடியலம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறாங்க. பேஷண்ட் வாயத் தொறந்தாலே எனக்கு வேர்க்குது. அவங்க பேசறது பாதிகூட புரியல. நான் பேசினா சிரிக்கறாங்க. படிப்ப விட்டு நின்னுக்கறேன்னு லெட்டர் எழுதி வெச்சுட்டேன். லீவு முடிஞ்சு ஆபீஸ் தொறந்ததும் குடுத்துடுவேன்."

பாடங்கள் இங்கிலீஷில்தான். ஆனால் மூன்றாம் வருடத்திலிருந்து ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் சீனத்தில்தான் பேச வேண்டும். கூடப் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் லீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். இவளுக்கு ஒரு அரியர் பரீட்சை இருந்ததால் ஹாஸ்டலில் தனியாக மாட்டிக்கொண்டாள். பரீட்சை முடிந்தும் வர டிக்கெட் இல்லை.

வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "டாக்டராவது ஒண்ணாவது. பொண்ணு அழுதுக்கினு கெடக்கறா. போய் கூட்டிக்கினு வந்துடு." திரும்பி வர எனக்கும் அவளுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் போட்டார். எனக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை. இங்கே சொல்கிறேன், அவள் படித்து முடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அழுகிற பிள்ளையிடம் அதை எந்த வாயால் சொல்வது? பையில் இரண்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதே யோசனையோடுதான் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து குவாங்சோவுக்கு நேர் விமானம் இல்லை. கோலாலம்பூரில் மாற வேண்டும். பிப்ரவரி 12 திங்கள் மாலை நாலு மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினேன். அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மறுநாள் மதியம் மூன்றரைக்கு குவாங்சோ. விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்குத் தனி பஸ் இருக்கிறது, சுமார் முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், 16 யுவான். ஒரு யுவான் அப்போது நம் காசுக்கு ஐந்தே முக்கால் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலேயே ஒரு சிம் கார்டு வாங்கிவிட்டேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். குவாங்சோவிலிருந்து சாங்ஷா 707 கிலோமீட்டர். அதற்கு டிக்கெட் எதுவும் முன்கூட்டி எடுக்காமல் போனேன். ரயில் டிக்கெட்டை ஏறுகிற ஊரில்தான் வாங்க முடியும், சாங்ஷாவில் இருந்துகொண்டு தன்னால் எடுக்க முடியாது என்று வினோ தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "புத்தாண்டுக்கு எல்லாரும் சொந்த ஊருக்குப் போவாங்கம்மா, கூட்டம் நீ நினைக்கிற மாதிரி இருக்காது, புத்தாண்டு தாண்டி வா" என்றாள். நான் கேட்டால்தானே? "அடி போடி, தீபத்துக் கூட்டத்தையே பார்த்தவ நான், எங்கிட்டயா கூட்டத்தப் பத்திப் பேசற" என்றேன். தப்பு என் மேல்தான், ஆனால் திருவண்ணாமலைக்காரி வேறு எப்படி நினைப்பாள்? நமக்குக் கூட்டம் என்றால் ஸ்பெஷல் பஸ். பௌர்ணமிக்கு எத்தனை லட்சம் பேர் வந்தாலும் நாலு பக்கமும் தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டு, நிரம்ப நிரம்ப வண்டியை எடுத்துவிடுவார்கள். முன்பதிவாவது மண்ணாவது. கூட்டம் ஜாஸ்தி என்றால் வண்டியும் ஜாஸ்தி என்பதுதான் நான் பிறந்ததிலிருந்து பார்த்த கணக்கு.

ரயில் நிலையத்து மைதானத்தில் இறங்கியதும் வாயடைத்துப் போனேன். தலைக்கு மேல் மூட்டை, கையில் பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் செருப்பிலிருந்து பொம்மை வரைக்கும். தொழிற்சாலை வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, கூட்டத்தில் நம்ம தீபத்துக்கு அது அண்ணன். ஆனால் "வா வா, விழுப்புரம் விழுப்புரம்" என்று கூவுகிற கண்டக்டர் மட்டும் ஒருத்தர் இல்லை. கையில் டிக்கெட் இல்லாதவரை உள்ளேயே விடவில்லை.

பக்கத்தில் ஒரு லாட்ஜில் 120 யுவானுக்கு ரூம் எடுத்தேன். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. வினோவுக்கு போன் போட்டு அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசினார்கள். அப்புறம் அந்தப் பெண் நல்ல பிள்ளையாக என்னென்ன வழி இருக்கிறது என்று விசாரித்து வினோவிடம் சொல்ல, வினோ எனக்குச் சொன்னாள்.

உங்களுக்கும் உதவும் என்பதால் அன்றைய நிலவரத்தை அப்படியே தருகிறேன். விமானம் ஒரு மணி பத்து நிமிடம். சாதாரண நாளில் நானூறு யுவானுக்குக்கூடக் கிடைக்குமாம், அந்த வாரம் எழுநூறுக்கு மேல், அதுவும் 16-ந் தேதி வரை இடமில்லை. படுக்கை வைத்த பஸ் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம், 280 யுவான், அதிலும் 17-ந் தேதிக்குத்தான் இடம். ஏ.சி. ரயில் எட்டு மணி நேரம், உட்கார்ந்து போக 99, படுத்துப் போக 180-க்கு மேல், எல்லாம் தீர்ந்துவிட்டது. பண்டிகைக்கென்று விடுகிற பழைய பச்சை ரயில் மட்டும் பாக்கி. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், 54 யுவான். ஏ.சி. கிடையாது, ஜன்னலைத் தூக்கித் திறக்கலாம். அதிலும் சீட்டு இல்லை, நின்றுகொண்டு போகிற டிக்கெட்தான்.

"17-ந் தேதி காலையில கௌம்புனா ரயிலே காலியா இருக்குமாம். அதுக்குள்ள எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துடுவாங்களாம். அது வரைக்கும் ரூம்லயே இரும்மா" என்றாள் வினோ.

எனக்குக் கிடைத்தது பத்து நாள் லீவு. அதில் நாலு நாளை லாட்ஜில் உட்கார்ந்து கழிக்க நான் என்ன பைத்தியமா? 14-ந் தேதி காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றேன். லாட்ஜ் பெண் ஒரு துண்டுச் சீட்டில் ஊர் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்திருந்தாள். ஐந்து மணி நேரம் நின்று, 15-ந் தேதி காலை 9.20 ரயிலுக்கு நிற்கிற டிக்கெட் ஒன்று வாங்கினேன். வரிசையை விட்டு வெளியே வந்தபோது ஒரு ஆள் பக்கத்தில் வந்து, விசிறி மாதிரி டிக்கெட்டை விரித்துக் காட்டினான். அதில் பாதி போலி என்று வினோ முன்பே சொல்லியிருந்தாள். நீங்களும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

மறுநாள் கதவைத் திறந்ததும் பிளாட்பாரத்தில் எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். ஓடினேனா, அந்தப் பச்சை ரயிலின் ஜன்னல் ஒன்று பாதி திறந்திருந்தது கண்ணில் பட்டது. உள்ளே ஜன்னலோர சீட்டு காலி. கை என்னைக் கேட்கவே இல்லை. தோளில் கிடந்த பூந்துவாலைத் துண்டை எடுத்து, எம்பி, ஜன்னல் வழியாக அந்த சீட்டில் போட்டேன். அப்பாடா, இடம் பிடித்தாச்சு என்று நிம்மதியாக ஏறினேன். இருபது வருடமாகத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் செய்கிற வேலை. அங்கே ஒரு துண்டு கிடந்தால் போதும், யாரும் தொட மாட்டார்கள்.

நான் பிதுங்கிப் பிதுங்கி சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். என் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். தன் டிக்கெட்டைப் பார்த்தாள். சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் துண்டைக் காட்டினேன். அவள் நம்பரைக் காட்டினாள். நான் மறுபடி துண்டைக் காட்டினேன். சுற்றியிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வினோவுக்கு போன் போட்டேன்.

"அம்மா... நீ துண்டு போட்டியா?" என்று கேட்டவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தாள் சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். "சீனாக்காரன் ரயிலை திருவண்ணாமலை டு போளூர் டவுன் பஸ்ஸுன்னு நெனச்சுட்டியா? அது நம்பர் போட்ட சீட்டும்மா!" எனக்கு வெட்கமாக இருந்தாலும் ஒரு பக்கம் சந்தோஷம். அவள் சிரித்துக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். வினோ என்ன சொன்னாளோ, அவளும் களுக்கென்று சிரித்து, எதிர் சீட்டுக்காரர்களுக்கும் எடுத்துச் சொன்னாள். அந்தப் பெட்டியே சிரித்தது. துண்டை அழகாக நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம் தானும் பக்கத்தில் இருந்த இருவரும் ஒடுங்கிக்கொண்டு எனக்கு அரை சீட்டு விட்டார்கள். அவள் பெயர் லீ. பொம்மைத் தொழிற்சாலையில் வேலை, ஹெங்யாங் என்கிற ஊரில் இறங்குகிறாள், இரண்டு வருடம் கழித்து மகனைப் பார்க்கப் போகிறாள். எல்லாம் வினோ சொல்லித் தெரிந்ததுதான்.

221 கிலோமீட்டரில் ஷாவ்குவான். அதுவரை நன்றாகத்தான் போனது. நடைபாதையில் ஒரு அடி வைக்க இடமில்லை, கழிவறைக்குள்ளேயே நாலு பேர் நின்றார்கள். ஷாவ்குவான் தாண்டி கொஞ்ச நேரத்தில், மதியம் ஒன்றரை இருக்கும், லீ என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. தட்டினால் கண்ணைத் திறந்து மூடுகிறாள். எதிரே இருந்தவர் ரயில் பணியாளரைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்தக் கூட்டத்தில் எந்தப் பணியாளர் வர முடியும்?

வினோவைக் கூப்பிட்டேன். "வினோ, அந்த லீ மயங்கிட்டாடி. இன்னா பண்றதுன்னே தெரியல."

"நானா? அம்மா, நான் இன்னும் டாக்டரே இல்ல. பேஷண்ட்கிட்ட எனக்கு பேசவே வராது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் வருதாடி? நீதான் இருக்கற. பேசு." என்று போனை லீயின் காதில் வைத்துவிட்டேன்.

சத்தம் எனக்கும் கேட்டது. முதலில் வினோவின் குரல் நடுங்கியது. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தினாள், மறுபடி வேறு மாதிரி கேட்டாள். லீ முனகலாகப் பதில் சொன்னாள். வினோ இன்னொன்று கேட்டாள், அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் நிதானத்துக்கு வந்தது. எதிர் சீட்டுக்காரர் நடுவில் ஏதோ சொல்ல, அவரையும் ஒரு கேள்வி கேட்டாள். குகைக்குள் ரயில் நுழைந்து லைன் போய்விட்டது. வெளியே வந்ததும் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, கேளு. நெஞ்சு வலி இல்ல, சர்க்கரை வியாதி இல்ல, மாசமாவும் இல்ல. கழிவறைக்குப் போக முடியாதுன்னு நேத்து சாயந்தரத்துலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல. சாப்புடவும் இல்ல. கால தூக்கி வெச்சு படுக்க வை. நல்லா முழிச்சதும் ஒரு லிட்டர் தண்ணியில ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. ஒரேடியா குடுக்காத, வாய் வாயா குடு."

உப்பும் சர்க்கரையும் வினோவுக்குக் கொண்டுபோன மளிகைப் பையில் இருந்தன. சீன ரயிலில் எவ்வளவு கூட்டமானாலும் வெந்நீர் இருக்கும். ஒருவர் பிளாஸ்கைத் தூக்கிக் கொடுக்க, கைமாறிக் கைமாறி பெட்டியின் கடைசிக்குப் போய் நிரம்பி வந்தது. சீட்டில் இருந்த மற்ற இருவரும் எழுந்து நின்றுகொண்டார்கள். லீயைப் படுக்க வைத்து, அவள் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். என் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தேன். அவள் முழித்துக்கொண்டதும் ஆறவைத்து ஆறவைத்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். எதிர் சீட்டுக்காரர் என் போனைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

அப்போதுதான் வினோவிடம் கேட்டேன். "ஏண்டி, அவ்ளோ கேள்வியும் எந்த பாஷையில கேட்ட?"

"சீனத்துலதாம்மா."

"அவளுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா," என்றாள். "அவ சொன்னதும் எனக்குப் புரிஞ்சுது. யாரும் சிரிக்கல." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் காலேஜ், லெட்டர் என்று ஒரு வார்த்தை பேசவில்லை, வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

521 கிலோமீட்டரில் ஹெங்யாங். மாலை ஐந்தரை ஆகியிருந்தது. லீ இறங்குவதற்கு முன்னால் தன் சீட்டைத் தட்டிக் காட்டி, என் துண்டை எடுத்து அதில் விரித்து, என்னை உட்கார வைத்துவிட்டுப் போனாள். மீதி 186 கிலோமீட்டரை ராணி மாதிரி வந்தேன். இரவு எட்டேகாலுக்கு சாங்ஷா, ஐம்பது நிமிடம் தாமதம். வாசலில் நின்ற வினோ இளைத்துப் போயிருந்தாள். கட்டிக்கொண்டதும் கேட்ட முதல் கேள்வி, "லீ எப்படி எறங்குனா? நடந்தாளா?"

அடுத்த நாலு நாள் ஹாஸ்டலில் சாம்பார், ரசம், தூக்கம். அவள் மேஜை டிராயரில் அந்த லெட்டர் இருந்தது. பார்த்தேன், தொடவில்லை. புத்தாண்டுக்கு மறுநாள் இரண்டு பேரும் 147 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் யுயேயாங் ஏரிக்கு ரயிலில் போய் வந்தோம். இரண்டு மணி நேரம்தான். பெட்டியில் பாதி சீட்டு காலி, துண்டு போட ஆளே இல்லை. லாட்ஜ் பெண் சொன்னது நிஜம் என்று அப்போதுதான் உறைத்தது. டிக்கெட் எடுப்பது, வழி கேட்பது, மீதிச் சில்லறைக்குச் சண்டை போடுவது எல்லாம் வினோதான். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆனந்தம்.

20-ந் தேதி, குவாங்சோவுக்குத் திரும்ப விமான டிக்கெட் எடுக்க ஒரு ஏஜென்சிக்குப் போனோம். 22-ந் தேதி குவாங்சோவில் எங்கள் விமானம். இந்த ஒன்பது நாளில் நான் கற்றுக்கொண்ட சீனம் எண்கள் மட்டும்தான். 'யி' என்றால் ஒன்று, 'லியாங்' என்றால் இரண்டு. கவுண்டரில் இருந்த பெண் ஏதோ கேட்டாள். எத்தனை டிக்கெட் என்றுதான் இருக்கும். அண்ணாமலையாரே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"யி," என்றாள் வினோ.

நான் கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். "அப்பாகிட்ட நீயே சொல்லிடு," என்றாள். டிக்கெட் 620 யுவான், விமான நிலைய வரி 50 தனி.

நீங்கள் போவதாக இருந்தால் என் அனுபவத்தில் சொல்கிறேன். புத்தாண்டுக்கு முந்தைய பத்து நாளில் குவாங்சோவிலிருந்து வடக்கே போகாதீர்கள், அதற்கு அடுத்த வாரம் தெற்கே வராதீர்கள். கூட்டம் முதலில் மேலே போகிறது, அப்புறம் கீழே வருகிறது. போயே ஆக வேண்டும் என்றால் புத்தாண்டுக்கு முதல் நாள் காலையோ புத்தாண்டு அன்றோ ஏறுங்கள், ரயில் காற்று வாங்கும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் என்றால் படுக்கை ரயில்தான் சுகம், எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. குவாங்சோவில் தெரிந்தவர் யாராவது இருந்தால் பத்து நாள் முன்னாலேயே அவரை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். ரயிலே கிடைக்காவிட்டால் விமானம். பஸ்ஸைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், படுக்கை நம்ம ஆட்களுக்கே குட்டைதான். உப்பும் சர்க்கரையும் பையில் இருக்கட்டும். தண்ணீர் குடிக்காமல் மட்டும் பயணம் செய்யாதீர்கள்.

சாங்ஷா விமான நிலையத்தில் விடை கொடுக்கும்போது வினோ என் தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டாள். "இது இங்கயே இருக்கட்டும்" என்றாள். குவாங்சோவிலிருந்து சென்னை வரை என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. வீட்டு வாசலில் ஒற்றை ஆளாக இறங்கிய என்னை வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "எங்கடி அவ?" என்றார். ரயில் கதையை முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, லீ என்கிற அந்தப் பொண்ணு நல்லா வீடு போய்ச் சேர்ந்தாளா என்று மட்டும் கேட்டார்.

காலேஜ் திறந்து மூன்றாவது நாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வினோவின் மெயில் வந்திருந்தது. கடிதம் எதுவும் இல்லை, ஒரே ஒரு போட்டோ. ஆஸ்பத்திரி வகுப்பறை, முதல் வரிசை, நடு நாற்காலி. அதன் மேல் நாலாக மடித்த என் பூந்துவாலைத் துண்டு. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அம்மா, துண்டு போட்டுட்டேன். இனிமே இந்த எடத்த எவனும் தொட முடியாது."